தொட்டிக்குள் அடங்காத டென்ட்ரோபியம்: முதல் முறை பிரித்து நடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைப் பக்கம் நர்சரிக்குப் போய் ‘ஆர்க்கிட் இருக்கா’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது டென்ட்ரோபியத்தைத்தான். கல்யாண மேடையிலும் பொக்கேயிலும் பார்ப்போமே, ஊதாவும் வெள்ளையும் கலந்த பூ, அது இந்த வகையில் சோனியா என்ற கலப்பினம். என் மொட்டை மாடியில் இருப்பதும் அதுதான். 6 வருஷத்தில் 5 அங்குலத் தொட்டிக்குள் 14 தண்டு வைத்துவிட்டது. அதைப் பிரித்து நட்ட பிறகு, செடி வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்ட கேள்விகளும் அதற்கு நான் சொன்னதும் இங்கே இருக்கின்றன.

வேர் தொட்டிக்கு வெளியே தொங்குகிறது. உடனே மாற்ற வேண்டுமா?

வேர் தொங்குவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மரத்தைப் பற்றிக்கொண்டு வாழ்கிற செடி இது. காற்றில் வேர் விடுவது இதன் சுபாவம். வேறு மூன்று இடத்தைப் பாருங்கள். புது முளை தொட்டியின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் கிளம்புகிறதா? உள்ளே போட்ட தேங்காய் மட்டை விரலால் நசுக்கினால் மாவாகிறதா? கொஞ்சம் காற்றடித்தாலே செடி தொட்டியோடு சாய்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மாற்றலாம். மட்டை மக்கியிருந்தால் தள்ளிப்போடக் கூடாது. மக்கின மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே காற்று போகாது, வேர் அழுகும்.

தொட்டி மாற்றினால் போதாதா, பிரித்தே ஆக வேண்டுமா?

கட்டாயமே இல்லை. கூட்டமாக இருக்கிற செடிதான் அள்ளிக் கொட்டிப் பூக்கும். 8 தண்டுக்குக் குறைவாக இருந்தால் நான் கத்தியைத் தொடவே மாட்டேன். அப்படியே ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுவேன். செடி நாலா பக்கமும் பிரிந்து ஓடி எந்தத் தொட்டியிலும் உட்கார மாட்டேன் என்கிறபோதோ, நடுவில் அழுகல் கண்டபோதோ பிரிப்பதில் அர்த்தம் உண்டு. இரண்டாவது செடி வேண்டும் என்ற ஆசையும் ஒரு காரணம்தான், ஒளிக்க என்ன இருக்கிறது.

எந்த மாதத்தில் செய்யலாம்?

மாதத்தைக் கேட்காதீர்கள், வேரைப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

புது முளை 2, 3 அங்குலம் வளர்ந்ததும் குனிந்து அதன் அடியைப் பாருங்கள். கடுகு அளவில் பச்சையாகவோ லேசான ஊதாவாகவோ சின்னச் சின்ன மொக்குகள் முட்டிக்கொண்டு நிற்கும். அவைதான் புது வேர்கள். அவை வெளியே எட்டிப் பார்க்கிற அந்த ஒரு வாரம் பத்து நாள்தான் சரியான நேரம். அப்போது நட்டால் புது வேர், தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்புகிற புதுக் கரிக்குள் நேராக இறங்கும். அதற்கு முன்னால் செய்தால் செடி வேர் இல்லாமல் காத்துக்கிடக்கும். தாமதித்து வேர் 2 அங்குலம் நீண்ட பிறகு செய்தால், நடும்போது நுனி உடையும். உடைந்த நுனி மறுபடி நீளாது. பக்கத்தில் கிளைவேர் வந்தால் உண்டு.

சென்னை மாதிரி ஊரில் இந்தக் கலப்பினங்கள் வருஷம் முழுக்க முளை விடும். அதனால் வாய்ப்புக்குக் குறைவில்லை. அக்னி நட்சத்திரத்தையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் மட்டும் விட்டுவிடுங்கள். வெயிலில் செடி வாடும், மழையில் வெட்டுக்காயம் ஆறாது.

இப்போது பூத்திருக்கிறது. என்ன செய்ய?

பூ முடியட்டும். அவசரம் என்றால் கொத்தை வெட்டிக் குவளையில் வையுங்கள், எப்படியும் பத்து நாள் நிற்கும்.

என்னிடம் இருப்பது ஃபெலனாப்சிஸ். அதையும் பிரிக்கலாமா?

முடியாது. ஆர்க்கிட்டில் இரண்டு வளர்ச்சி முறை உண்டு. டென்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம் எல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி தரையோடு தரையாகப் படுத்து நகர்ந்து, வரிசையாகத் தண்டு விடுபவை. இவற்றைப் பிரிக்கலாம். ஃபெலனாப்சிஸுக்கும் வாண்டாவுக்கும் ஒரே தண்டு, தென்னை மாதிரி மேல்நோக்கியே போகும். ஃபெலனாப்சிஸை நடுவில் வெட்டினால் பெரும்பாலும் செடி போச்சு. அதற்கு உள்ளே போட்டிருப்பதை மாற்றினால் போதும். வாண்டா உயரமாகி, மேல்பகுதிக்குச் சொந்தமாக வேர் இருந்தால், வேரோடு சேர்த்துத் தலையை வெட்டி நடலாம். அது வேறு கதை.

தொட்டியிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது. இழுக்கலாமா?

இழுக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியோடு அரை மணி நேரம் முக்கி வையுங்கள். காய்ந்த வேர் குச்சி மாதிரி முறியும். ஊறின வேர் வளையும். பிறகு பழைய பழம் நறுக்கும் கத்தியைத் தொட்டியின் உள்சுவரை ஒட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டி என்றால் கத்தரியால் வெட்டிப் போடுங்கள், 30 ரூபாய்த் தொட்டிக்காக 6 வருஷ வேரைப் பிய்க்க வேண்டாம். மண்தொட்டி என்றால் சுத்தியலால் லேசாகத் தட்டி உடையுங்கள். சில ஓடுகள் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைப் பிரிக்க மெனக்கெடாமல் ஓட்டோடு சேர்த்தே புதுத் தொட்டியில் வைத்துவிடலாம்.

உள்ளே பார்த்தால் ஒரே சிக்கலாக இருக்கிறது. எந்த வேரை வெட்டுவது?

முதல் முறை அவிழ்த்தபோது எனக்கும் திக்கென்றுதான் இருந்தது, நூல் கண்டைப் பூனை விளையாடின மாதிரி. கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, நிறம் ஏமாற்றும். விரலால் அழுத்துங்கள். ஆர்க்கிட் வேரின் மேலே பஞ்சு போன்ற ஒரு உறை உண்டு. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறத்தில் தெரிவதும் நனைந்ததும் பச்சையாவதும் அந்த உறைதான். அழுத்தும்போது வேர் கெட்டியாக இருந்தால், பழுப்பேறியிருந்தாலும் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நசுங்கி, இரண்டு விரலால் உருவினால் உறை கழன்று வந்து உள்ளே கம்பி மாதிரி ஒரு இழை மட்டும் நின்றால், அது செத்த வேர், வெட்டலாம்.

நல்ல வேர் தொட்டியில் சுருட்ட முடியாத நீளமாக இருந்தால் 5, 6 அங்குலம் விட்டுக் கத்தரிப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. காற்றில் வளர்ந்த தடித்த வேர்களை வலுக்கட்டாயமாகப் புதைக்காதீர்கள். வெளியிலேயே பழகின வேர் உள்ளே போனால் பலமுறை அழுகிவிடுகிறது.

கத்தியை எங்கே வைப்பது?

எல்லாருக்கும் கை நடுங்குகிற இடம் இது. கத்தியை எடுப்பதற்கு முன்னால் செடியை ஒரு செய்தித்தாளில் படுக்க வைத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். தண்டுகள் தனித்தனியாக நிற்பது போலத் தெரியும். அடியில் பார்த்தால் எல்லாமே விரல் தடிமனில் ஒரு கிழங்குத் தண்டால் கோத்திருக்கும். மிகப் பழைய தண்டு ஒரு முனையில், புது முளை மறு முனையில். வயதான செடியில் அந்தக் கோவை நடுவில் கவட்டையாகப் பிரிந்து இரண்டு மூன்று திசையில் ஓடியிருக்கும். பிரிய வேண்டிய இடத்தை அந்தக் கவட்டையே காட்டிக் கொடுக்கும்.

ஒரு துண்டுக்குக் குறைந்தது 3 தண்டு, 4 இருந்தால் நிம்மதி. துண்டின் முன்பக்கத்தில் ஒரு புது முளையாவது, அடியில் உப்பின கண்ணாவது இருக்க வேண்டும். சொந்தமாகக் கொஞ்சம் நல்ல வேரும் வேண்டும். என்னுடைய 14 தண்டும் மூன்று கிளையாக ஓடியிருந்தன. 5, 5, 4 என்று பிரித்தேன். இரண்டிரண்டு தண்டாகப் பிரித்தால் ஏழு செடி கிடைக்குமே என்று கணக்குப் போடத் தோன்றும். போடாதீர்கள். இரண்டு தண்டுத் துண்டு பிழைத்தாலும் பூக்க வருஷக்கணக்கில் இழுக்கும்.

வெட்டுகிற இடத்தில் தண்டுகளை இரண்டு பக்கமும் மெதுவாக விலக்கிப் பிடித்து, நடுவில் தெரிகிற கிழங்குத் தண்டை ஒரே வெட்டாக வெட்டுங்கள். அறுக்க வேண்டாம். வேரை வெட்டாமல் கையால் பிரித்தெடுங்கள்.

ரொம்பப் பயமாக இருந்தால் ஒரு குறுக்கு வழி. இப்போது தொட்டியிலேயே வைத்துக் கிழங்குத் தண்டை மட்டும் வெட்டிவிட்டு, செடியை அசைக்காமல் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பின்பாதியில் தூங்கிக்கொண்டிருந்த கண் விழித்து முளை விடும். அப்புறம் தொட்டி மாற்றும்போது இரண்டு செடியும் தயாராக இருக்கும். முதல் முறை செய்பவருக்கு இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரியாது.

இலையே இல்லாத மொட்டைத் தண்டுகளை எறிந்துவிடலாமா?

பச்சையாக இருக்கிறவரை எறியக் கூடாது. தண்ணீரும் சாப்பாடும் சேமித்து வைத்திருக்கிற கிடங்கு அது. புது முளை வளர்வது அதன் தயவில்தான். சில நேரம் மொட்டைத் தண்டின் நுனியிலிருந்தே பூங்கொத்து வரும். காய்ந்து வைக்கோல் மாதிரி ஆனதை மட்டும் வெட்டுங்கள்.

கத்தியை டெட்டாலில் துடைத்தால் போதுமா?

போதாது. ஆர்க்கிட்டுக்கு இரண்டு வைரஸ் பெரிய தொல்லை: சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸ். இரண்டும் செடியின் சாறு வழியாகக் கத்தியில் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். வந்துவிட்டால் வீட்டில் குணப்படுத்த வழி இல்லை. அதனால் ஒரு செடியை முடித்து அடுத்த செடியைத் தொடுமுன் கத்தியை கேஸ் அடுப்புத் தீயில் நன்றாகச் சுட வைத்து, ஆறின பிறகு வெட்டுங்கள். தீயில் காட்டினால் கத்தியின் கூர் போய்விடும், அதற்கென்று ஒரு மலிவான கத்தியை ஒதுக்கிவிடுங்கள். சமையலறைக் கத்தியை எடுத்தால் வீட்டில் வேறு பஞ்சாயத்து நடக்கும்.

வெட்டின இடத்தில் மஞ்சள் தடவலாமா, பட்டைத்தூளா?

நான் பட்டைத்தூள் (சமையலுக்குப் போடுகிற பட்டைதான்) தடவுகிறேன், வெட்டின முகத்தில் மட்டும். வேரில் படக் கூடாது, காய வைத்துவிடும். மஞ்சள் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் எதுவும் கெட்டுப் பார்த்ததில்லை. அழுகல் கண்ட செடி என்றால் வீட்டு வைத்தியத்தை நம்ப வேண்டாம். கார்பென்டாசிமும் மேன்கோசெபும் கலந்த பூஞ்சாணக் கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, துண்டை 10 நிமிஷம் முக்கி எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். எப்படியானாலும் வெட்டின துண்டை ஒரு நாள் நிழலில் காயப்போட்டுவிட்டு நடுவது நல்லது.

மண் போடலாமா?

கூடாது.

பின்னே எதைத்தான் போடுவது?

மரக்கரியும் ஓட்டாஞ்சில்லும். பாண்டி ஆடுவோமே, அந்தச் சில்லு அளவு. இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் கரி கிடைக்கும். சாம்பலும் தூளும் போகக் கழுவிவிட்டு, ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலமாக உடைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓடு, மேலே கரி. கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் இது போதும். கோவை, மதுரை மாதிரி காற்று காய்ந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டு சேர்க்கலாம். மட்டையில் உப்பு இருக்கும். நாலைந்து நாள் ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, சாயம் இறங்குவது குறைந்த பிறகு போடுங்கள்.

பெரிய தொட்டியில் வைத்துவிட்டால் பல வருஷம் கவலை இல்லையே?

இந்த யோசனையில்தான் நான் ஒரு செடியைக் கொன்றேன். அது இந்தச் செடிக்கு முந்தையது. கடையில் சொன்னார்கள் என்று 10 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டி, அது நிறையத் தேங்காய் நார்க்கழிவு. கார்த்திகை மாதம் வேறு. மூன்று துண்டாகப் பிரித்து ஒரே தொட்டியில் நட்டேன். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், நானும் தண்ணீர் ஊற்றுவேன். ஒரு மாதம் கழித்து ஒரு தண்டைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் நடுவில் சதசதவென்று இருந்தது, குப்பென்று நாற்றம். வெட்டு நன்றாகத்தான் ஆறியிருந்தது. செடியைக் கொன்றது கத்தி இல்லை, அதற்கப்புறம் ஊற்றின தண்ணீர்தான்.

வேர்க்கட்டு உட்கார்ந்து, முன்பக்கம் இரண்டு புதுத் தண்டுக்கு இடம் இருந்தால் போதும். 4 தண்டுத் துண்டுக்கு 4 அல்லது 5 அங்குலம். பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்தொட்டி கிடைத்தால் அதுதான் ராஜா.

நடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய தண்டு தொட்டியின் விளிம்பை ஒட்டி, புது முளை நடுவைப் பார்த்து. செடி முன்னோக்கித்தான் நகரும், நகர இடம் விடுங்கள். கிழங்குத் தண்டு கரியின் மேல்மட்டத்தில் படுத்திருக்க வேண்டும், புதையக் கூடாது. முளையின் அடி புதைந்தால் அழுகும்.

பலர் தவறவிடுவது அடுத்தது. நட்ட பிறகு செடி ஆடக் கூடாது. கொஞ்சம்கூட. மாடிக் காற்றில் செடி அசையும் ஒவ்வொரு முறையும் கரியில் புதுவேரின் நுனி உரசி நசுங்கும். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் இறுக்கமாகச் செருகி, பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் தண்டுகளை அதோடு கட்டுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் தொட்டியும் சேர்ந்து வர வேண்டும், அதுதான் சோதனை.

தண்ணீர் எப்போது ஊற்றலாம்?

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் இருக்கிற மாதிரி இதற்கும் உண்டு. முதல் 4, 5 நாள் தொட்டிக்குள் தண்ணீர் வேண்டாம். காலையில் மட்டும் இலைக்கும் தொங்கும் வேருக்கும் பூந்தூறலாகத் தெளியுங்கள். முளையின் குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சமாக. மூன்று வாரம் நல்ல நிழல். அப்புறம் பழைய இடம், 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே. புது வேர் கரிக்குள் இறங்கியது தெரிந்த பிறகு, வெயில் காலத்தில் தினமும் ஊற்றினாலும் கரியில் நட்ட செடி தாங்கும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கரியின் மேல் வெள்ளையாகப் பூக்கும், அது வேர் நுனியைக் கருக்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் உத்தமம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் உப்பில்லாததுதான், நான் பக்கெட் வைத்துப் பிடிக்கிறேன். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.

தண்டு சுருங்குகிறது, இலை மஞ்சளாகிறது. செத்துக்கொண்டிருக்கிறதா?

பழைய தண்டு கொஞ்சம் வற்றுவதும் இரண்டொரு அடி இலை பழுத்து விழுவதும் சகஜம். சேமிப்பை எடுத்துச் செலவு செய்கிறது. சுருக்கத்தைப் பார்த்துப் பதறித் தண்ணீரை அதிகமாக்குவதுதான் தப்பு. உறிஞ்ச வேரே இல்லாதபோது ஊற்றி என்ன பயன்? பயப்பட வேண்டியது வேறு: புது முளையின் அடி கறுப்பது, இலை வெந்த கீரை மாதிரி கண்ணாடியாக ஆவது. அப்படிக் கண்டால் அன்றைக்கே சுத்தமான சதை தெரிகிறவரை வெட்டி எறியுங்கள்.

தண்டின் மேலே குட்டிச் செடி முளைத்திருக்கிறதே, அதையும் நடலாமா?

நடலாம். ஆர்க்கிட்காரர்கள் இதைக் கெய்கி என்பார்கள். ஹவாய் மொழியில் குழந்தை என்று அர்த்தம். அதன் சொந்த வேர் 2 அங்குலமாவது வரட்டும், அப்புறம் எடுத்துச் சின்னத் தொட்டியில் வையுங்கள். ஒன்று முளைத்தால் சந்தோஷப்படுங்கள். தண்டுக்குத் தண்டு முளைத்தால் அடியில் வேரைப் பாருங்கள்; வேர் அழுகின செடி இப்படித் தப்பிக்கப் பார்க்கும்.

உரம்?

புதுவேர் இறங்குகிறவரை எதுவும் வேண்டாம். பிறகு தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கிற 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை. சாணம், மண்புழு உரம் எல்லாம் ரோஜாவுக்கு வையுங்கள். இதில் போட்டால் கரியின் சந்தை அடைத்துவிடும்.

எப்போது பூக்கும்?

பிரித்த பிறகு வருகிற முதல் புதுத் தண்டு முழுசாக முற்றிய பிறகுதான். நல்ல துண்டு என்றால் ஒரு வருஷத்துக்குள் ஒரு கொத்து வரலாம், அம்மா செடி அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். முதல் வருஷம் புதுத் தண்டு பழைய தண்டைவிடக் குட்டையாக இருப்பதும் வழக்கம்தான்.

மலைக்குப் போனபோது மரத்தில் ஒட்டியிருந்த ஆர்க்கிட்டை எடுத்து வந்தேன். அதற்கும் இதே முறையா?

காட்டிலிருந்து எடுத்து வராதீர்கள். சட்டப் பிரச்சினை ஒரு பக்கம். மலைக்குளிரில் வளர்ந்தது சென்னை வெயிலில் பெரும்பாலும் தாங்காது என்பது இன்னொரு பக்கம். காட்டு வகைகளைப் பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது.

பிரித்த துண்டை உடனே யாருக்காவது கொடுக்கலாமா?

இரண்டு மாதம் உங்களிடமே இருக்கட்டும். தொட்டியோடு தூக்கிக்கொண்டு போனால் ஆட்டத்திலேயே வேர் போய்விடும். இலையில் மஞ்சள் திட்டும் கறுப்பு வளையமும் மாறி மாறித் தெரிந்தால் வைரஸாக இருக்கலாம். அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். என்னுடைய 4 தண்டுத் துண்டு கீழ்வீட்டுப் பாட்டிக்குப் போனது. அவர் வீட்டுப் பால்கனியில் கிழக்கு வெயில், என் மாடியில் மேற்கு வெயில். மூன்றில் முதலில் பூத்தது அதுதான். பாட்டி தினமும் காலையில் கூப்பிட்டுக் காட்டுகிறார்.